சாட்சி சொல்லப் பிறந்த பெட்டி

சென்னை ஜி.பி. ரோட்டில் சீட் கவர், மேட், ஹாரன் விற்கும் கடைகளில் இப்போது டேஷ்கேமும் கண்ணாடி அலமாரிக்கு வந்துவிட்டது. விலையைக் கேட்பவர் கையோடு கேட்கும் இன்னொரு கேள்வி உண்டு: "இதை மாட்டினா இன்சூரன்ஸ் குறையுமா, பாஸ்?" கடைக்காரர் வியாபாரம் பார்க்க வேண்டியவர். "கிளைம் ஈஸியா ஆகும் சார்" என்பார். கேட்டது பிரீமியம், சொன்னது கிளைம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளி சின்னதல்ல. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் கதை அதற்குள் இருக்கிறது. இந்தப் பெட்டியை முதலில் மாட்டியது யார், எதற்காக, யார் காசில் என்று பார்த்துக்கொண்டே வந்தால், காப்பீட்டு நிறுவனங்கள் இதற்கு ஏன் சில ஊர்களில் தள்ளுபடி தருகின்றன, பல ஊர்களில் ஏன் கண்டுகொள்வதே இல்லை என்பதற்கான பதிலும் வழியிலேயே கிடைத்துவிடும்.

குடிகாரரும் கோட்டும் சூட்டும்

1980-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரால் மகளைப் பறிகொடுத்த கேண்டி லைட்னர் என்ற தாய் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 'குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான தாய்மார்கள்' என்று அதற்குப் பெயர். அடுத்த சில ஆண்டுகளில் அந்த நாட்டில் மது தொடர்பான போக்குவரத்துச் சட்டங்கள் கடுமையாயின. ஆனால் சட்டம் கடுமையானால் மட்டும் போதாது, நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் வேண்டும். அங்கேதான் போலீஸ்காரர்களுக்குச் சிக்கல்.

நடுராத்திரியில் சாலையோரம் ஒருவரை நிறுத்தி, நேர்க்கோட்டில் நடக்கச் சொல்கிறார்கள். நாலு எட்டில் தடுமாறுகிறார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் கார் கதவைப் பிடித்துக்கொள்கிறார். சில மாதம் கழித்து அதே ஆள் முகம் மழித்து, கோட்டு சூட்டு போட்டு, நடுவர் குழுவின் முன் நிற்கிறார். "நான் நிதானமாகத்தான் இருந்தேன்" என்கிறார். போலீஸ்காரர் "இல்லை" என்கிறார். வாய்ச் சொல்லுக்கு வாய்ச் சொல். அன்றிரவு அவர் எப்படி இருந்தார் என்பதை நடுவர்களுக்குக் காட்ட ஒரு வழி வேண்டியிருந்தது. ரோந்துக் காரில் வீடியோ கேமரா ஏறியதற்கு முக்கியமான காரணம் அதுதான்.

அந்தக் காலத்துக் கருவி உள்ளங்கையில் அடங்குவதல்ல. கண்ணாடிக்குப் பக்கத்தில் கேமரா, அதிலிருந்து கூரை வழியாகப் பின்பக்கம் ஓடும் வயர், டிக்கியில் இரும்புப் பெட்டிக்குள் ஒரு வீடியோ கேசட் ரெக்கார்டர். கேசட் தீர்ந்தால் மாற்ற வேண்டும், மாற்றியதை எண்ணெழுதிப் பத்திரமாக வைக்க வேண்டும். கொஞ்சம் வசதியுள்ள காவல் நிலையங்களால்தான் இதற்குச் செலவழிக்க முடிந்தது.

இந்தக் கருவியை அமெரிக்கா முழுக்கப் பேச வைத்தது ஒரு கொலை. 1991 ஜனவரி 23. டெக்சாஸ் மாநிலத்தின் காரிசன் என்ற சிற்றூர்ப் பக்கம், டாரெல் லன்ஸ்ஃபோர்ட் என்ற காவலர் ஒரு காரை நிறுத்தினார். டிக்கியைச் சோதிக்க முயன்றபோது உள்ளே இருந்த மூவரும் சேர்ந்து அவரைக் கீழே தள்ளினார்கள். அங்கேயே கொன்றுவிட்டுத் தப்பினார்கள். அவருடைய ரோந்துக் காரின் கேமரா அத்தனையையும் பதிவு செய்திருந்தது. மூவரும் பிடிபட்டார்கள், பதிவு நீதிமன்றத்தில் சான்றானது, தண்டனை கிடைத்தது.

இதில் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கேமரா கொலையாளிகளைக் காட்டிக்கொடுத்தது, லன்ஸ்ஃபோர்டைக் காப்பாற்றவில்லை. நடந்ததைச் சொல்ல அதற்குத் தெரியும், நடக்காமல் தடுக்கத் தெரியாது. இன்ஷூரன்ஸ் கணக்கு முழுவதும் இந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான் நிற்கிறது.

அடுத்த திருப்பம் போலீசுக்கே எதிராக வந்தது. 1998 ஏப்ரலில் நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் நான்கு இளைஞர்கள் வந்த ஒரு வேனை மாநிலக் காவலர் இருவர் நிறுத்திச் சுட்டார்கள். மூன்று பேர் காயமடைந்தார்கள். கறுப்பினத்தவரையும் ஸ்பானிய வம்சாவளியினரையும் குறிவைத்து வண்டிகளை நிறுத்துகிறார்கள் என்ற பழைய குமுறல் வெடித்தது. 1999 இறுதியில் அந்த மாநிலம் மத்திய அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ரோந்துக் கார்களில் வீடியோ பதிவும் ஒரு நிபந்தனை. 2000-க்கும் 2003-க்கும் இடையில் மத்திய நீதித்துறை 47 மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் சேர்த்து ரோந்துக் கார்க் கேமராவுக்காக 2.1 கோடி டாலர் கொடுத்தது. திட்டம் தொடங்கியபோது மாநிலக் காவல்துறை வண்டிகளில் 11 சதவீதத்தில், அதாவது சுமார் 3,400 கார்களில் மட்டுமே கேமரா இருந்தது. முடிந்தபோது 17,500 கார்கள், 72 சதவீதம்.

ஓட்டுநரை மாட்டிவிட போலீஸ் வைத்த கேமரா, போலீசைக் கண்காணிக்கப் பொதுமக்கள் கேட்ட கேமராவாகிவிட்டது. யார் யாரை நம்பவில்லையோ அவர்கள் செலவழித்தார்கள். இதுவரைக்கும் காசு அரசாங்கத்துடையது. தன் பணத்தைப் போட்டுச் சாதாரண வண்டிக்காரர் இதை வாங்க வேண்டுமென்றால், அவர் ஒரே நேரத்தில் எதிரே வருபவரையும் நம்பாமல், போலீசையும் நம்பாமல், இன்ஷூரன்ஸ்காரரையும் நம்பாமல் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு நாடு இருந்தது.

எரிகல் காட்டிக்கொடுத்த ரகசியம்

ரஷ்யாவில் கட்டாய மோட்டார் காப்பீடு வந்தது 2003 ஜூலை 1-ல்தான். அதுவரை இடித்தவரும் இடிபட்டவரும் சாலையிலேயே பேசித் தீர்த்துக்கொண்டிருந்த ஊரில், திடீரென்று எல்லா மோதலுக்கும் பின்னால் ஒரு காப்பீட்டுத் தொகை நின்றது. தொகை இருக்கும் இடத்துக்குக் கும்பல் வராமல் இருக்குமா? வேண்டுமென்றே முன்னால் வந்து சடாரென்று பிரேக் போடுவது, மெதுவாக வரும் காரின் பானட்டில் தாமே போய் விழுந்து நஷ்ட ஈடு கேட்பது என்று ஒரு தொழிலே கிளம்பியது. வழக்கு என்று போனால் காசு எதிர்பார்க்கும் போக்குவரத்துக் காவலர், எழுத்து மூலமான வாக்குமூலத்தை மட்டும் பார்க்கும் நீதிமன்றம். 2009-ல் காருக்குள் இப்படிப்பட்ட கருவி பொருத்துவதற்கு இருந்த தடைகளை உள்துறை அமைச்சகம் நீக்கியது. அதற்குள் கேசட்டின் இடத்தில் மெமரி கார்டு வந்திருந்தது, கேமராவின் விலையும் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு இறங்கியிருந்தது. லட்சக்கணக்கான கார்களில் அது ஏறியது.

இது உலகத்துக்குத் தெரியவந்தது 2013 பிப்ரவரி 15 காலையில். யூரல் மலைப் பக்கம் செல்யாபின்ஸ்க் நகரத்தின் வானத்தில் சுமார் 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் உடைந்து சுமார் 1,500 பேர் மருத்துவ உதவி தேடினார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களின் கார்க் கேமராக்கள் வெவ்வேறு தெருக்களிலிருந்து, வெவ்வேறு கோணங்களில் அதைப் படம் பிடித்திருந்தன. விளக்குக் கம்பங்களின் நிழல் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதைக்கூட அளந்து, அந்தக் கல் விண்வெளியில் எந்தப் பாதையில் வந்தது என்று வானியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். விண்கல் ஆய்வில் அதுவரை கிடைக்காத அளவுக்குத் தரவு. எல்லாம் இன்ஷூரன்ஸ் மோசடிக்குப் பயந்து மாட்டிய கேமராவின் புண்ணியம்.

"இவர்கள் எல்லோர் காரிலும் ஏன் கேமரா இருக்கிறது?" என்று உலகம் அன்றைக்குத்தான் கேட்டது. ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இத்தனை கேமரா இருந்த நாட்டில் பிரீமியம் குறைந்ததா? கட்டாயக் காப்பீட்டில் இல்லை. அங்கே அடிப்படை விகிதத்தின் எல்லையை அரசுத் தரப்புதான் வகுக்கிறது. அதை எந்த ஊர், என்ஜின் எத்தனை குதிரைத்திறன், ஓட்டுபவரின் வயது என்ன, அனுபவம் எவ்வளவு, இதுவரை அவர் தவறால் எத்தனை விபத்து என்று பல காரணிகளால் பெருக்குவார்கள். அந்தப் பட்டியலில் கேமராவுக்கு இடமில்லை. கேமரா உதவியது அந்தக் கடைசிக் காரணிக்குத்தான். தவறு நம்முடையது என்று தீர்ப்பாகிவிட்டால் அது ஏறும், இல்லையென்றால் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். ரஷ்யக்காரர் கேமராவை மாட்டியது தள்ளுபடி வாங்க அல்ல, தன் பெயரைக் கெடாமல் வைத்துக்கொள்ள.

எண்பதுக்கு இருபது

நேரடித் தள்ளுபடி முளைத்த இடங்களில் தென் கொரியா முக்கியமானது. அங்கே டேஷ்கேமை 'பிளாக் பாக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசியில் இதற்கென்றே ஒரு தனி விதியைச் சேர்த்தன. கருவி பொருத்தியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பினால் பிரீமியத்தில் சில சதவீதம் குறையும்.

அங்கே மட்டும் நிறுவனங்களுக்கு என்ன லாபம்? கொரியாவில் ஒரு மோதல் நடந்தால் 'தப்பு யாருடையது' என்று மட்டும் கேட்பதில்லை, 'எவ்வளவு' என்றும் கேட்பார்கள். எண்பதுக்கு இருபது, எழுபதுக்கு முப்பது என்று தவறைப் பங்கு பிரிப்பார்கள். எந்த மாதிரி விபத்துக்கு எந்தப் பங்கு என்று காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் படம் போட்டு ஒரு வழிகாட்டியே வைத்திருக்கிறது. பங்கைப் பொறுத்து இரு நிறுவனங்களும் பணம் போட வேண்டும், வண்டிக்காரரின் அடுத்த ஆண்டு பிரீமியமும் அதைப் பார்த்து நகரும். ஆகவே பத்து சதவீதம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது நிஜமான சண்டை. படம் இருந்தால் அந்தச் சண்டை சீக்கிரம் முடியும், ஆள் அனுப்பி விசாரிக்கும் செலவு மிச்சம். மிச்சமாவதில் ஒரு துளியை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தப் பங்குச் சண்டை அங்கே எவ்வளவு பெரிய விஷயமென்றால், ஹான் மூன் சுல் என்ற வழக்கறிஞர் மக்கள் அனுப்பும் கார்க் கேமராப் பதிவுகளைப் போட்டுப் பார்த்து, தவறு யாருக்கு எத்தனை சதவீதம் என்று சொல்லியே யூடியூபிலும் தொலைக்காட்சியிலும் நாடறிந்தவராகிவிட்டார்.

கேமரா பெரும்பாலான கார்களுக்கு வந்து சேர்ந்த பிறகு, அதே நிறுவனங்கள் அந்தத் தள்ளுபடியைக் குறைக்க ஆரம்பித்தன. தள்ளுபடி என்பது நல்ல வாடிக்கையாளரைத் தனியே பிரித்து எடுப்பதற்கான சல்லடை. பத்தில் ஒருவர் கேமரா வைத்திருந்தால் அவர் கொஞ்சம் எச்சரிக்கையான ஆளாக இருக்கலாம். பத்துக்கு ஒன்பது பேரிடம் இருந்தால் அதைப் பார்த்து என்ன பிரிக்க முடியும்? முதலில் வந்தவருக்கு மட்டும் கிடைத்து, கடைசியில் காணாமல் போகும் சலுகை இது.

பிரிட்டன்: சடன் பிரேக்கும் பன்னிரண்டரை சதவீதமும்

பிரிட்டனில் கதை மோசடியிலிருந்து தொடங்குகிறது. 'பணத்துக்காக மோதல்' என்று அங்கே ஒரு குற்றமே தனியாகப் பேசப்படும். ரவுண்டானாவிலோ கிளைச்சாலை சேரும் இடத்திலோ முன்னால் போகும் கார் காரணமே இல்லாமல் நின்றுவிடும். பிரேக் விளக்கை முன்கூட்டியே பிடுங்கி வைத்திருப்பதும் உண்டு. பின்னால் வருபவர் இடித்துவிடுவார். பின்னால் இடித்தவர் மேல்தான் தவறு என்பது எந்த ஊரிலும் முதலில் எழும் எண்ணம். முன் காரிலிருந்து நாலு பேர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். கழுத்து வலிக்கு ஆளுக்கொரு நஷ்ட ஈடு. இந்த நெருக்கடியில்தான் 2006-ல் காப்பீட்டு மோசடிப் புலனாய்வு அமைப்பு ஒன்று பிறந்தது. 2012-ல் 'சிட்டி ஆஃப் லண்டன்' காவல்துறையில், காப்பீட்டு நிறுவனங்களின் பணத்திலேயே இயங்கும் தனிப்பிரிவும் வந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு கேமரா மிச்சப்படுத்துவது பெரிய தொகை. 2010-களின் நடுவில் ஸ்விஃப்ட்கவர் போன்ற நிறுவனங்கள் டேஷ்கேம் வைத்திருப்பவர்களுக்கு 12.5 சதவீதத் தள்ளுபடி என்று விளம்பரம் செய்தன. கூடவே நிபந்தனையும் இருக்கும்: கேமரா எப்போதும் வேலை செய்ய வேண்டும், விபத்து நடந்தால் பதிவைக் கொடுக்க வேண்டும். தவறு நம்முடையதாக இருந்தாலும் கொடுத்தாக வேண்டும் என்பது இதற்குள் அடக்கம். அதோடு, 12.5 சதவீதம் எதன்மேல் என்றும் பார்க்க வேண்டும். தள்ளுபடியே தராத இன்னொரு நிறுவனத்தின் பிரீமியம் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த விளம்பரத்துக்குப் பொருளில்லை. பெரிய நிறுவனங்கள் பலவும் கடைசிவரை இந்த வழிக்கு வரவில்லை.

அங்கே கேமராவின் நிஜமான வருமானம் வேறிடத்தில் இருக்கிறது. தவறு முழுக்க எதிராளியுடையது என்று நிரூபித்து, கொடுத்த பணம் மொத்தத்தையும் நம் நிறுவனம் அவருடைய நிறுவனத்திடமிருந்து வசூலித்துவிட்டால், 'கிளைம் இல்லாத' போனஸ் நமக்குக் கெடாது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த போனஸ் அது. அதைக் காப்பாற்றிக் கொடுப்பது பன்னிரண்டரை சதவீதத்தைவிடப் பெரிது.

எல்லா நாடும் இதை வரவேற்கவும் இல்லை. ஜெர்மனியில் சாலையை விடாமல் படம் பிடிப்பது மற்றவரின் தனியுரிமையில் தலையிடுவது என்பார்கள். 2018 மே 15-ல் அந்நாட்டின் உச்ச நிலை உரிமையியல் நீதிமன்றம் சுவாரசியமான தீர்ப்பு ஒன்றைத் தந்தது: இடைவிடாமல் பதிவு செய்வது தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. ஆனாலும் விபத்து வழக்கில் அந்தப் பதிவைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்க் கணக்கு

இந்தியாவில் கார் இன்ஷூரன்ஸ் ரசீதை எடுத்துப் பார்த்தால் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று தேர்ட் பார்ட்டி, சட்டப்படி கட்டாயம். இதன் விலையை நிறுவனம் வைப்பதில்லை, அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1,000 சிசி வரையிலான காருக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். பேரம் பேச இடமில்லை. அதே அறிவிப்பில் மின்சார வாகனத்துக்கு 15 சதவீதம், ஹைபிரிடுக்கு 7.5 சதவீதம், பழம்பெரும் வின்டேஜ் காருக்கு 50 சதவீதம் சலுகை உண்டு. கேமராவுக்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்று ஓன் டேமேஜ், நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கானது. 2007 முதல் இதன் விலையை நிறுவனங்களே வைக்கின்றன. இங்கே தள்ளுபடிக்கு வழி உண்டு. பழைய மோட்டார் கட்டண விதியிலேயே, புனேயில் உள்ள அராய் என்னும் வாகன ஆய்வு நிறுவனம் ஒப்புதல் தந்த திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் ஓன் டேமேஜில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் குறைப்பு என்று இருந்தது. திருட்டுத் தடுப்புக்கு உண்டு, கேமராவுக்கு இல்லை. ஏன்? வீட்டுப் பூட்டு திருட்டைத் தடுக்கும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் திருடன் எந்தப் பக்கம் ஓடினான் என்று சொல்வார். இருவரும் வேண்டியவர்கள்தான், ஆனால் காப்பீட்டு நிறுவனம் பூட்டுக்குத்தான் காசைக் குறைக்கும்.

சரி, பிரிட்டனைப் போல நோ கிளைம் போனஸையாவது கேமரா காப்பாற்றுமா? நம் ஊரில் அதன் விதி கறாரானது. ஓர் ஆண்டு கிளைம் போடாமல் இருந்தால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்து ஆண்டு ஆனால் 50 சதவீதம். ஓன் டேமேஜில் ஒரு கிளைம் போட்டால் போதும், பூஜ்ஜியம். தவறு யாருடையது என்ற கேள்வியே கிடையாது. சிக்னலில் நிற்கிற காரைப் பின்னால் வந்த வேன் இடித்தது என்று படத்தோடு காட்டினாலும், நம் பாலிசியில் கிளைம் போட்டால் போனஸ் போனதுதான். எதிராளியின் தேர்ட் பார்ட்டி காப்பீட்டிலிருந்து வாங்க வழி உண்டு. அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஒரு பம்பருக்கும் ஒரு டெயில் லேம்ப்புக்கும் யார் வாய்தா வாய்தாவாக அலைவார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போனஸ் இல்லாமல் ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு சுத்தமாக ஓட்டியவர் 5,000 கட்டுகிறார். பின் பம்பர் உடைந்து 6,000 ரூபாய்க்குக் கிளைம் போடுகிறார். அடுத்த ஆண்டு 10,000, பிறகு 8,000, 7,500, 6,500, 5,500 என்று இறங்கிப் பழையபடி 5,000-க்கு வர ஆண்டுகள் ஆகும். வண்டி மதிப்பு மாறாது என்று வைத்தால், கூடுதலாகக் கட்டுவது மொத்தம் 12,500 ரூபாய். ஆறாயிரம் வாங்கப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. விவரம் தெரிந்தவர்கள் சின்ன வேலையைக் கைக்காசில் டிங்கரிங் பார்த்து முடித்துவிடுவது இதனால்தான்.

கேமரா உள்ளே வருவது இந்த இடத்தில். நம் சாலையில் பெரும்பாலான சின்ன மோதல்கள் பாலிசிவரை போவதே இல்லை, நடுரோட்டுப் பஞ்சாயத்தில் முடிகின்றன. "நீதான்யா ராங் சைடுல வந்தே", "இண்டிகேட்டர் போட்டியா நீ?" என்று குரல் ஏறும், கூட்டம் கூடும். பெரிய வண்டிக்காரர்தான் தப்பு என்பது எழுதாத சட்டம். பைக்கும் காரும் என்றால் கார், காரும் லாரியும் என்றால் லாரி. அந்த நேரத்தில் ஒரு சின்னத் திரையில் பத்து நொடிக் காட்சியைப் போட்டுக் காட்டினால் பேச்சின் தொனி மாறும். இடித்தவர் மெக்கானிக் செலவை ஏற்றுக்கொண்டால், கிளைம் இல்லை, போனஸ் பத்திரம். அதுதான் இந்திய கார்க்காரருக்குக் கேமரா மிச்சப்படுத்தும் காசு. அது பிரீமியம் ரசீதில் ஒரு வரியாக வராது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் உண்டு: யாருக்காவது அடிபட்டு, எஃப்.ஐ.ஆர். பதிவானால்? பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு அஜாக்கிரதையாக ஓட்டுவதற்கு, 106-ஆம் பிரிவு கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு. நஷ்ட ஈட்டை நிறுவனம் கட்டும், சிறைக்கு நிறுவனம் வராது. எதிரே வந்தவர் தடுப்பைத் தாண்டிக் குதித்தாரா, நாம் வேகமாகப் போனோமா என்பதைக் கேமராதான் சொல்லும். அடிபட்டவர் தரப்பிலும் கொஞ்சம் தவறு உண்டு என்று அதே படம் தீர்ப்பாயத்தில் காட்டினால், இழப்பீட்டில் குறையும் பங்கு நிறுவனத்துக்கு லாபம். வண்டிக்காரர் தன் காசில் வாங்கிய சாட்சி நிறுவனத்துக்கும் உழைக்கிறது, அதற்குச் சன்மானம் இன்னும் பேசப்படவில்லை.

சாட்சியைப் பழுதாக்காமல் வைத்திருப்பது

சாட்சியாக நிற்க வேண்டுமானால் அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மெமரி கார்டு நிரம்பியதும் பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போகும். உள்ளே இருக்கும் அதிர்வு உணரி பலமான குலுங்கலைக் கண்டால் அந்தத் துண்டை மட்டும் அழிக்காமல் பூட்டி வைக்கும். பக்கவாட்டில் லேசாக உரசிவிட்டுப் போகும் ஆட்டோவுக்கு அந்த உணரி அசையாமல் போகலாம். அப்போது நாமே பூட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமல் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் ஓட்டிக்கொண்டே இருந்தால், சாட்சி தன் வாக்குமூலத்தைத் தானே அழித்துவிடும்.

சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த காரின் கண்ணாடியோரம் லித்தியம் பேட்டரி உப்பிவிடும். பேட்டரிக்குப் பதில் கெபாசிட்டர் உள்ள கேமரா நம் வெயிலுக்குத் தாங்கும். தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நேற்று நடந்த விபத்து படத்தில் ஏதோ ஒரு பழைய ஜனவரி முதல் தேதியில் நடந்திருக்கும். ஜி.பி.எஸ். உள்ள கேமரா வேகத்தையும் படத்தின் மூலையில் எழுதும். அறுபது மட்டும் அனுமதித்த சாலையில் 84 என்று அங்கே தெரிந்தால், நம் சாட்சி எதிர்த்தரப்புச் சாட்சியாகிவிடும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைக் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் கூடவே வேண்டும். கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கி, மூலக் கோப்போடு ஒத்துப்போகாது. ஆகவே கார்டைக் கழற்றித் தனியே எடுத்து வைப்பது உத்தமம்.

சாட்சியிலிருந்து மேற்பார்வையாளராக

கேமராவுக்கு நிறுவனங்கள் மனதாரக் காசு குறைக்கும் இடம் ஒன்று உண்டு. 1998-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் டிரைவ்கேம் என்ற நிறுவனம் தொடங்கியது. பின்னாளில் அது லிட்எக்ஸ் ஆனது. லாரி, பேருந்து நிறுவனங்களுக்கு அவர்கள் கொடுத்த கேமரா, சடன் பிரேக்கோ குலுங்கலோ நேர்ந்தால் முன்னும் பின்னுமாகச் சேர்த்துச் சில நொடிக் காட்சியைச் சேமிக்கும். அதை ஒருவர் பார்த்து, ஓட்டுநரைக் கூப்பிட்டு, "முன் வண்டிக்கு இவ்வளவு நெருக்கமாகப் போகாதே, போனைப் பார்க்காதே" என்று திருத்துவார். இங்கே கேமரா விபத்தைச் சொல்வதோடு நிற்கவில்லை, விபத்தைக் குறைக்கவும் செய்கிறது. சாட்சி பூட்டாக மாறுகிறது. வணிக வாகனக் காப்பீட்டில் இதற்கு மதிப்பு கிடைப்பது அதனால்தான். தனிநபர் காருக்கு அதே எண்ணம், ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்காவின் ப்ரோக்ரசிவ் நிறுவனம் ஓட்டும் அளவைக் கருவியால் அளந்து பிரீமியம் வைத்துப் பார்த்த சோதனையில் தொடங்கியது. இந்தியாவில் 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 'எவ்வளவு ஓட்டுகிறீர்களோ அவ்வளவு', 'எப்படி ஓட்டுகிறீர்களோ அப்படி' என்ற இரு வகைத் திட்டங்களுக்கு அனுமதி தந்தது.

நாளைக்கு ஒரு நிறுவனம் சிம் கார்டு போட்ட கேமராவைக் கொடுத்து, "இதை மாட்டினால் பிரீமியம் குறையும்" என்று சொல்லும் நாள் தூரத்தில் இல்லை. அந்தச் சொல் உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்தக் கேமரா எதிரே வருபவரை மட்டும் பார்க்காது. நாம் எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், எங்கே வேகம் எடுக்கிறோம், எத்தனை முறை சடன் பிரேக் போடுகிறோம் என்பதையும் சொல்லும். குறையும் காசு அந்தத் தகவலுக்கான விலை. விற்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும்.

இன்றைய நிலவரத்தில் நம் ஊரில் பிரீமியத்தை இறக்கும் வழி பழையதேதான்: நிதானமாக ஓட்டுவது, சின்னக் கீறலுக்குக் கிளைம் போடாமல் ஐந்தாண்டு போனஸைச் சேர்ப்பது, புதுப்பிக்கும்போது நாலு நிறுவனத்தில் விலை கேட்பது. இதற்கெல்லாம் கேமரா தேவையில்லை. இத்தனையும் செய்த ஒருவர் மேல், செய்யாத தப்பை நடுரோட்டில் யாராவது கட்டப் பார்த்தால், அப்போதுதான் கேமரா தேவை. அந்தப் பாதுகாப்புக்குச் சில ஆயிரம் கொடுக்கலாம் என்று தோன்றினால் வாங்கலாம். பிரீமியம் குறையும் என்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால், அந்தப் பணத்தைப் பம்பர் செலவுக்கு எடுத்து வைப்பதே புத்திசாலித்தனம்.